சிறுவர் கையில் உளி

(கொல்லிமலைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



நம் மலையில் பலா செழிக்கிறது. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி படர்கிறது. மரங்களினிடையே வளரும் நம் குழந்தைகளில் எத்தனை பேர் உளியைத் தொட்டிருக்கின்றனர்? மரம் மரமாகவே மலையிறங்குமாயின், அதைப் பண்டமாக்கும் கூலி கீழ்நாட்டிலேயே தங்கிவிடும்.

1937-ஆம் ஆண்டு அக்டோபரில், காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கூடிய மாநாடு கைத்தொழிலையே கல்விக்கு நடுநாயகமாக்கத் தீர்மானித்தது. பின்னர் ஜாகிர் ஹுசேன் குழு வகுத்த திட்டத்தில் தச்சு வேலையும் இடம்பெற்றது. எல்லாரையும் தச்சராக்குவது அதன் நோக்கமன்று. கையும் கண்ணும் அறிவும் ஒன்றுபட்டு உழைக்கப் பழக்குவதேயாம்.

ஆகவே ஆண்டுக்கொரு நாளேனும் தச்சுப் பட்டறையைச் சிறுவர் சிறுமியர் யாவருக்கும் திறந்துவைப்போமாக. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் உடனிருத்தல் வேண்டும். மரத்துண்டை அசையாதபடி இறுக்கியபின், இரு கைகளும் உளிமுனைக்குப் பின்னால் இருக்கும்படி முதலில் பழக்குக. அப்பால் அளத்தல், அறுத்தல், இழைத்தல் என முறையே கற்பிக்கலாம். நார் ஓடும் திசையில் இழைத்தால் பலகை வழுவழுப்பாகும். எதிர்த்து இழைத்தால் பிசிறும். இவ்வுண்மையைப் புத்தகத்தைவிட இழைப்புளியே தெளிவாகப் போதிக்கும்.

குழந்தையின் வேலையைப் பெரியவர் முடித்துக் கொடுத்தலாகாது. கோணலாயினும் அது செய்த மணை அதன் வீட்டுக்கே செல்லட்டும். அதில் அமர்ந்து தாய் உண்ணும்போது அக்குழந்தை பெறும் ஊக்கம் பெரிது.

இதற்குப் பெருஞ்செலவில்லை. கழிவுத் துண்டுகள் போதும். ஆனால் தச்சரின் அன்றைய கூலி குறையலாகாது. அதைச் சங்கமே கொடுத்தல் நியாயம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதற்கொரு நாள் குறிப்பீர்களென நம்புகிறேன்.