எதை விற்பது?
பீளமேட்டில் தொழில் தொடங்க விழையும் இளைஞர்க்கான உரை

 

பீளமேடு உழைப்பால் உயர்ந்த ஊர். பஞ்சாலையும் வார்ப்பாலையும் நீரேற்றிப் பட்டறையும் இவ் வூரின் பெயரை வளர்த்தன. 1926-இல் பூ.சா.கோ. அறநிலையம் இங்குத் தோன்றியது; 1951-இல் அதன் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. அவிநாசிச் சாலையை ஒட்டி இன்று கணிப்பொறி நிறுவனங்களும் நிறைந்துள்ளன. இம் மண்ணில் பிறந்த இளைஞன் ஒருவன் கையில் ஒரு பேசியும் சிறு முதலும் கொண்டு இணையவழிக் கடை திறக்க எண்ணுகிறான். கைவினைப் பொருள் விற்கலாம். அல்லது கேட்பவர் கேட்டபின் ஒவ்வொன்றாக அச்சிட்டுத் தரும் சட்டையும் குவளையும் பையும் விற்கலாம். திருப்பூர் அண்மையில் இருப்பதால் பின்னலாடைக்குப் பஞ்சமில்லை. அவன் முன் நிற்கும் முதல் வினா, எதை விற்பது என்பதே.

பெரும்பாலார் கூறும் விடை, "எது மிகுதியாக விற்கிறதோ அதை" என்பது. அவ் விடையே இழப்பின் வாயில். மிகுதியாக விற்கும் பொருளைப் பெருமுதலாளி முன்பே விற்றுக்கொண்டிருக்கிறான். பதினாயிரம் சட்டைகளை ஒருங்கே அச்சிடுபவனுக்கு ஒரு சட்டையின் அடக்கவிலை மிகக் குறைவு. ஒவ்வொன்றாக அச்சிடுபவனுக்கோ அது மிகுதி. விலைப்போரில் இறங்கினால் சிறியவன் வீழ்வது உறுதி.

இதனை வரலாறு முன்னரே காட்டியுள்ளது. வ.உ.சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். மக்களின் அன்பு முழுமையும் அவர்பக்கம் இருந்தது. ஆங்கிலக் கப்பல் நிறுவனம் என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இழப்பைத் தாங்கும் பெருமுதல் அதனிடம் இருந்தது. 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911-இல் அந் நிறுவனம் கலைந்தது. அடிமை நாட்டில் அயலானின் கடலாட்சியை நேர்நின்று எதிர்ப்பதன்றி அப் பெருமகனார்க்கு வேறு வழியில்லை. அவ் வீழ்ச்சியும் ஈகமே. ஆயின், இன்று சட்டை விற்கும் இளைஞனுக்கு அக் கட்டாயம் இல்லை. பெரியவன் வரமுடியாத இடத்தை அவன் தேர்ந்து நிற்கலாம். அவ் விடம் எங்கே உள்ளது?

கோவையே விடை சொல்கிறது. ஈரமாவு அரைக்கும் பொறி, மக்கள் வழக்கில் கிரைண்டர், 1950-களில் கோவையில் உருவாயிற்று. அதனை ஆக்கியவர் சபாபதி என்பார். இட்டலி மாவும் தோசை மாவும் அரைக்கும் பெண்களின் தோள்வலி, அயல்நாட்டுப் பெருநிறுவனம் எதற்கும் தெரியவில்லை. கோவைப் பட்டறைக்குத் தெரிந்தது. அப் பொறி 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. அமெரிக்காவில் குடியேறிய தமிழர்க்கென 110 வோல்ட்டு மின்னழுத்தத்திற்கு ஏற்ற பொறிகளும் செய்யப்பட்டன. உலகிற்கெல்லாம் பொதுவான ஒன்றைச் செய்ய முனையாமல், ஓர் இனத்தின் அடுக்களைத் தேவையை அறிந்து செய்தமையால் அத் தொழில் நிலைத்தது. அறிந்த மக்கள், அவர்தம் உண்மைத் தேவை, பிறர் அறியாத நுட்பம் ஆகிய மூன்றும் கூடுமிடமே சிறுதொழிலுக்கு ஏற்ற தனித்துறை.

தமிழனுக்கு அத்தகைய துறைகளுள் தலையாயது அவன் மொழியே. 2020 செப்டம்பரில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். "இந்தி தெரியாது போடா" என்னும் தொடர் பொறித்த சட்டையை அணிந்து திரைத்துறையினர் சிலர் படம் வெளியிட்டனர். தமிழகமெங்கும் அது பரவியது. திருப்பூர் அச்சகங்களுக்குக் கேட்பு குவிந்தது. தமிழ் எழுத்துக்கு விலை கொடுக்க மக்கள் அணியமாய் உள்ளனர் என்பதை அந் நிகழ்ச்சி மெய்ப்பித்தது.

ஆயினும் அதில் மற்றொரு பாடமும் உண்டு. பரபரப்பு வேறு, தேவை வேறு. ஒரு முழக்கம் எழும்பும்போது நூறு பேர் அதையே அச்சிடுவர். அலை வடியும்போது கடைசியாக வந்தவனிடம் சட்டை தங்கும். உணர்ச்சி அறப்போருக்கு உரம். கடைக்கு அதுமட்டும் முதலாகாது. ஆண்டுதோறும் மீண்டும் வரும் தேவையைத் தேடுபவனே நிலைப்பான்.

அத்தகைய தேவைகள் பல உள. கனடா நாடாளுமன்றம் 2016-இல் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அங்குள்ள தமிழர் ஒவ்வோராண்டும் அதனைக் கொண்டாடுகின்றனர். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஏப்பிரலில் தமிழ்மொழி விழா நிகழ்கிறது. மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அயல்மண்ணில் கிழமையிறுதித் தமிழ் வகுப்புக்குச் செல்லும் குழந்தைக்கு மரத்தாலான உயிரெழுத்துக் கட்டைகள் வேண்டும். தூய தமிழ்ப்பெயர் இட்ட பெற்றோர்க்கு அப் பெயர் பொறித்த சட்டை வேண்டும். கிறித்துவ ஆண்டோடு முப்பத்தொன்றைக் கூட்டிக் கணக்கிடும் திருவள்ளுவர் ஆண்டில் அமைந்த நாட்காட்டி வேண்டும். இவற்றைப் பெருநிறுவனம் செய்யாது. செய்தாலும் செம்மையாகச் செய்யாது.

துறையைத் தேர்ந்தவன் அடுத்துக் கணக்குப் பார்த்தல் வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னவர் தமிழர். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: பெயர் பொறித்த சட்டை ஒன்றின் விலை 500 உருபா எனக் கொள்வோர், அதில் சட்டைக்கும் அச்சிற்கும் 250, அனுப்பும் செலவு 70, விற்பனைத் தளத்தின் பங்கு 75, விளம்பரம் 60 எனக் கழித்தால் மிஞ்சுவது 45. பத்துச் சட்டையில் ஒன்று திரும்பி வந்தால் என்னாகும்? ஒன்பதின் ஊதியம் 405. திரும்பியதில் சட்டை 250, இருவழிச் செலவு 140, விளம்பரம் 60 ஆக இழப்பு 450. தளம் தன் பங்கை விட்டுக்கொடுத்தாலும் இதுவே நிலை. ஒருவர் பெயர் பொறித்ததை மற்றொருவர் வாங்கார். முடிவில் பத்துச் சட்டை விற்றும் 45 உருபா கைப்பொறுப்பு! இக் கணக்கைக் கடை திறக்குமுன் போடுபவன் விலையைத் திருத்துவான். அல்லது துறையை மாற்றுவான். திறந்தபின் போடுபவன் கடனாளியாவான்.

உரிமையும் நோக்கத்தக்கது. நடிகர் படத்தையும் திரைப்பாட்டு வரியையும் இசைவின்றி அச்சிட்டு விற்பது பிறர் உடைமையைக் கவர்தல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு வரை நூலுரிமை நிற்கும். திருக்குறளும் கழக இலக்கியமும் எவர் பூட்டிலும் இல்லை. அவை தமிழினத்தின் பொதுச்செல்வம். கைவினையிலும் இந் நேர்மை வேண்டும். பவானிச் சமுக்காளம் 2005-06-இலும், கோவைக் கோராப் பருத்திச் சேலை 2014-இலும், நெகமம் பருத்திச் சேலை 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றவை. விசைத்தறியில் ஓட்டிய போலிக்கு அப் பெயரைச் சூட்டுபவன் கைத்தறியாளன் சோற்றில் மண்ணைப் போடுகிறான். அத் தறியாளரிடமே நேரே வாங்கி, அவர்க்கு உரிய கூலி சேர விற்பவன் தன் துறையையும் காக்கிறான். அவர் குடியையும் காக்கிறான்.

இறுதியாக, தமிழை விற்பவன் தமிழ் அறிந்திருத்தல் வேண்டும். இஃது உணர்ச்சிப் பேச்சன்று, தொழில் நுட்பம். பொருந்தா எழுத்துருவில் தட்டச்சிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். மெய்யின் புள்ளி மறையும். அச்சுப்பொறி பிழையைத் திருத்தாது, பெருக்கும். வல்லினம் மிகும் இடத்தில் மிகாத தொடர் ஆயிரம் மார்பில் ஏறி ஊர்சுற்றும். ஆகலின் அச்சிற்கு அனுப்புமுன் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டுக. படத்தைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாய்ப் பார்க்க. பத்தே பொருள் செய்து, அறியாதார் பத்துப் பேரிடம் முழுவிலைக்கு விற்றுப் பார்க்க. உறவினர் வாங்குவது அன்பு; அறியாதார் வாங்குவதே சான்று. அவர் மீண்டும் கேட்டால் துறை சரியானது என்க.

தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதினால் மட்டும் தமிழ் வாழ்ந்துவிடாது. தமிழால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிதல் வேண்டும். பிழையற்ற தமிழெழுத்து ஒரு குழந்தையின் கையில் விளையாட்டுப் பொருளாய்த் தவழ்தல் வேண்டும். அதனைச் செய்து, ஊதியமும் ஈட்டி, தறியாளர்க்கும் அச்சாளர்க்கும் வேலை தரும் இளைஞன் ஒருவன் பீளமேட்டில் எழுந்தால், அவன் கடை சிறிதாயினும் அவன் தொண்டு பெரிது.

வாழ்க தமிழ்! ஓங்குக தமிழர் தொழில்!