நம் வீட்டு வெடிக்கு யார் கணக்கு?

 

வெடியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், ‘ஹஜ்ரத் தீபாவளியைப் பிடித்துக் கொண்டார்’ என்று நினைப்பீர்கள். அடுத்தவர் பண்டிகைக்குக் கணக்குப் பார்க்க நான் வரவில்லை. நம் வீட்டுக் கணக்கையே கேட்கிறேன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் சரவெடி, சந்தனக்கூட்டில் வாண வேடிக்கை, தேர்தலில் நம் ஆள் ஜெயித்தால் தெரு முழுக்கப் பத்தாயிரம் வாலா! இதையெல்லாம் கொளுத்துவது யார்?

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977ல் அரசு அறிவித்தது. அந்தக் கண்மாய்க் கரையிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மழைக் காலத்தில் வந்து தங்கும் நாரைகளும் கொக்குகளும் மிரண்டு ஓடிவிடும் என்பதற்காகத் தங்கள் பெரிய பண்டிகையிலேயே பிள்ளைகளின் ஆசையை அடக்கி வைக்கிறார்கள். யாரும் தடியோடு நின்று தடுக்கவில்லை. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த குருவியைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபிகள் நாயகத்தின் (ஸல்) உம்மத் நாம். நாம் எதை விட்டுக் கொடுத்தோம்?

‘சத்தம்தானே, பறந்து போய்விட்டுத் திரும்பி வரும்’ என்பார்கள். மரத்தில் அடைந்த பறவைக்கு இருட்டில் வழி தெரியாது. 2010 டிசம்பர் 31 இரவு, அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பீபி என்ற சிற்றூரில் ஆயிரக்கணக்கான பறவைகள் வீதிகளிலும் கூரைகளிலும் செத்து விழுந்தன. விஷமா, நோயா என்று ஆராய்ந்தார்கள். உள்காயம்! புத்தாண்டு வெடிக்குப் பதறி எழுந்து, வீடுகளிலும் மரங்களிலும் மோதியிருக்கின்றன.

மனிதனுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? பச்சை ஒளிக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம். வானத்தில் மறைந்ததாக நாம் நினைக்கும் வண்ணம் தூளாக இறங்கி மூச்சிலும் குளத்திலும் கலக்கிறது. பேரியம் உப்பை வெடியில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொன்னது. இரவு 10 மணிக்கு மேல் வெடிச் சத்தம் கூடாது என்று 2005லேயே சொல்லிவிட்டது. நம் ஊர்வலங்கள் எத்தனை மணிக்குப் புறப்படுகின்றன என்பது உங்களுக்கே தெரியும்!

சகோதரர்களே, இந்த வெடியைச் செய்கிறவனையும் பாருங்கள். சிவகாசிச் சீமை மழை பொய்த்த கரிசல் பூமி. அந்தக் கூலியில்தான் பல வீடுகளில் அடுப்பெரிகிறது. ஆகவே ‘ஆலையை இழுத்து மூடு’ என்று மேடையில் முழங்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கூலிக்குக் கொடுக்கும் விலை என்ன? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மாண்டார்கள். உதவிக்கு ஓடிய அக்கம் பக்கத்து மக்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கும் மேல். மருந்துக் கலவைக்கு ஒரு சிறு உராய்வு போதும். அதனால்தான் ஓர் அறைக்கு இத்தனை பேர் என்று விதி வைத்திருக்கிறார்கள். சீசன் நெருக்கத்தில் அந்த விதி மீறப்படுகிறது; உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்காரர் வேலை வாங்குவதும் நடக்கிறது. செத்த பிறகு நிவாரணத் தொகை அறிவிக்கும் அரசு, சாவதற்கு முன் ஆய்வாளர்களை அனுப்பட்டும். மாற்றுத் தொழிலுக்கு வழி செய்யட்டும். இதை நாமும் சேர்ந்து கேட்போம்.

கேட்பதற்கு முன் நம் கையில் இருப்பதைச் செய்வோம். கிளைப் பொறுப்பாளர்கள் அடுத்த ஜும்ஆவுக்குள் முத்தவல்லியைச் சந்தியுங்கள். திருமணத் தேதி குறிக்க வரும்போதே ‘வெடி கிடையாது’ என்று இரு வீட்டாரிடமும் ஜமாஅத் சொல்லட்டும். நம் வெற்றி ஊர்வலங்களுக்கும் அதே சட்டம்தான். மாப்பிள்ளையின் நண்பர்கள் முறுக்கிக் கொண்டால் வீட்டுப் பெண்களைப் பேசச் சொல்லுங்கள். நள்ளிரவு வெடிக்கு அலறி எழும் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு நடப்பது அவர்கள்தான்.