தோளில் கிட்டார், எதிரே ஜனங்கள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"கிட்டாரைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய் வாசிக்கிறீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க"ன்னு நம் சங்கச் செயலாளர் சொன்னார். எங்க சித்தப்பா இதையே வேற மாதிரி கேட்பார்: "ஏம்ப்பா, இவ்வளவு படிச்சுட்டுத் தெருவுல நின்னு வாசிக்கலாமா?" இரண்டு பேருக்கும் சேர்த்தே இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாசிப்பு சங்கதி. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அரியலூருக்கு உண்டு. இது ஒன்றிலேயே வாசிப்பு மாறிப்போகும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே மெதுவாக மீட்டினால் நமக்கே கேட்காது. தாளம் தூக்கி, கம்பி எல்லாவற்றையும் சேர்த்து அடிக்க வேண்டும். திருச்சி பஸ் வந்தால் பல்லவி பாதியிலேயே ஆள் போய்விடுவார். அரியலூர் ஸ்டேஷனில் ஒரு வண்டி போய் அடுத்தது வரும்வரை கொஞ்சம் அமைதி கிடைக்கும். அங்கே ஒற்றைக் கம்பி வாசிப்புகூடக் காதில் விழும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்கள், வெள்ளிதான் கூட்டம். அந்தக் கூட்டத்தைத் தெரிந்த பாட்டு மட்டுமே நிறுத்தும். சித்திரை வெயிலில் கம்பி இறங்கிப்போகும், பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்கணும். எங்கே போனாலும் பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் உறையைப் பிரிப்பேன்.

டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் மரியாதைக்காவது கை தட்டுவார். பஸ்ஸுக்கு நிற்பவருக்கு அந்தக் கடமை இல்லை. அவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாரென்றால் அது அசல் ரசனை. அதற்காகத்தான் அலைகிறேன்.

இனி சித்தப்பாவின் கேள்வி. ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகும் வழியில் இராஜேந்திரப்பட்டினம் இருக்கிறது. பழைய பெயர் திருஎருக்கத்தம்புலியூர். 63 நாயன்மார்களில் ஒருவரான திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் அது. சம்பந்தர் காலத்தவர். மனைவி மதங்கசூளாமணியாரோடு யாழைச் சுமந்துகொண்டு தலம் தலமாகப் போனவர். பாணர் குலம் என்பதால் கோயில் வாசலுக்கு வெளியே நின்றுதான் வாசிக்க முடிந்தது. மதுரையில் இறைவன் ஆணையிட்டு அவரை உள்ளே அழைத்துக்கொண்டான். தரையின் ஈரம் பட்டால் யாழ் நரம்பு கெடும், பலகை இடுங்கள் என்றும் சொன்னான். பொற்பலகை வந்தது என்கிறது பெரியபுராணம். ஆக, நான் புதுசா எதுவும் செய்யலை சித்தப்பா, நம்ம பக்கத்து ஊர்க்காரர் போன வழிதான்!

ஆனால் அவரைப்போல வெளியே நிற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. ரயிலில் நான் கிட்டாரை எடுத்தால் செல்போனில் படம் பிடிக்கிறார்கள், "எந்த காலேஜ்?" என்று பிரியமாக விசாரிக்கிறார்கள். அதே பெட்டியில் கண் தெரியாத ஒருவர் ஸ்பீக்கரை மார்பில் மாட்டிக்கொண்டு, என்னைவிடச் சுத்தமான சுருதியில் பாடி வருகிறார். அவருக்குக் கிடைப்பது, "தள்ளிப் போப்பா!" பாட்டில் வித்தியாசம் இல்லை, சட்டையில்தான் இருக்கிறது. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் வண்டியில் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கியது. பாடிப் பிழைப்பவரையும் நாம் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் 2003 முதல், தேர்ந்தெடுத்த வாத்தியக்காரர்களுக்கு உரிமம் கொடுத்து, நின்று வாசிக்க இடமும் ஒதுக்குகிறார்கள். நம்ம ஊரிலும் அது ஆகாத காரியமில்லை.

அதுவரை என் வழக்கம் இது: அப்படி ஒருவர் பாடிவரும் பெட்டியில் நான் உறையைப் பிரிப்பதில்லை. அது அவர் பிழைப்பு. அவரே கூப்பிட்டால் பக்கவாத்தியம் வாசிப்பேன், விழுகிற காசு அவர் டப்பாவுக்கு.

தம்பி தங்கைகளே, உங்களிடம் மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது, கல்லூரி நாள் விழா இருக்கிறது. அடுத்த விழாவுக்கு அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அழைப்பிதழில் 'பாடகர்' என்று பெயரைப் போடுங்கள். பேசிய சன்மானத்தைக் கவரில் வைத்துக் கையில் கொடுங்கள். பொன்னால் பலகை வேண்டாம், ஒரு நல்ல நாற்காலி போதும். பக்கவாத்தியத்துக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கிட்டாரோடு நான் வருகிறேன்.