பெட்ரோல் வாசனையா? டியூப்பைப் பாருங்க!

உங்க வீட்ல பழைய ஸ்கூட்டரோ மொபெட்டோ இருக்கா? காலையில் பக்கத்தில் போனாலே பெட்ரோல் வாசனை வருதா? "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் டியூப், இன்ஜின் சூட்டில் காய்ந்து விரிசல் விடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதில் இன்னும் சீக்கிரம் கெடலாம்.

டியூப்பை வீட்டுக்குள் வைத்து மாற்றாதீங்க. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தள்ளி எரியும் பூஜை விளக்கிலும் பற்றிக்கொள்ளும்.

திறந்த இடத்தில் நிறுத்துங்க. இன்ஜின் ஆறட்டும். பெட்ரோல் டேப்பை மூடுங்க. பெட்ரோலுக்கென்றே விற்கும் டியூப்பை, அதே அளவில் வாங்குங்க. தண்ணீர் டியூப் வேண்டவே வேண்டாம். இரண்டு முனைக்கும் புது கிளிப் போடுங்க. டேப்பைத் திறந்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்க. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தோடு வரும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீங்க. விலகி நின்று 101 அல்லது 112-க்கு அழையுங்க. வண்டியை இன்னொன்று வாங்கிக்கலாம். நீங்கதான் வீட்டுக்கு முக்கியம்.