கன்னடத்துப் பைங்கிளி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1938 ஜனவரி 7இல் இப்பெங்களூரில் பிறந்தவர் பி. சரோஜாதேவி. தாய்மொழி கன்னடம். 1955இல் வெளிவந்த 'மகாகவி காளிதாசா' என்னும் கன்னடப் படம் அவரைத் திரையுலகிற்கு அளித்தது. 'நாடோடி மன்னன்' (1958), 'கல்யாணப் பரிசு' (1959) ஆகிய படங்கள் அவரைத் தமிழர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தன.

அவர் பேசிய தமிழில் கன்னடத்தின் சாயல் இருந்தது. தமிழ் மக்கள் அதனைக் குறையெனக் கொண்டார்களா? இல்லை! கொஞ்சுதமிழ் என்று பாராட்டி, 'கன்னடத்துப் பைங்கிளி' எனப் பெயர் சூட்டி மகிழ்ந்தார்கள். அவரும் தாய்மொழியை மறந்தாரில்லை. 1961இல் 'கித்தூர் சென்னம்மா'வாகத் தோன்றிக் கன்னட மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தார். 1969இல் பத்மஸ்ரீயும், 1992இல் பத்மபூஷணும் அவரை நாடி வந்தன. 2025 ஜூலை 14இல் பிறந்த நகரிலேயே மறைந்தார்.

அன்பர்களே! ஈஜிபுராவில் வாழும் நம்மில் பலர், பிழை நேருமோ என்று அஞ்சிக் கன்னடம் பேசாதிருக்கிறோம். அவரும் அவ்வாறே அஞ்சியிருந்தால் தமிழ்த்திரைக்கு அவர் கிடைத்திருப்பாரா? ஆதலின், அண்டை வீட்டாருடன் கூச்சமின்றிக் கன்னடம் பேசுவோம். நம் மக்களுக்கு இல்லத்தில் தமிழ் கற்பிப்போம். அவ்வம்மையாரின் வாழ்வு நமக்குக் காட்டும் வழி இதுவே.