நகரசபைக் கணக்கும் சிதம்பர ரகசியமும்

(கடலூரிலும் சிதம்பரத்திலும் நடந்த கூட்டங்களில் பேசியதின் தொகுப்பு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதல்ல. ஆனாலும் பேச்சின் நடுவில் அவரே வந்து சேர்ந்தால் அது நம்முடைய குற்றமல்ல. நகரசபையின் வரவு செலவும், தீர்மானங்களும், டெண்டர்களும் வரி கொடுக்கிற ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமா வேண்டாமா, தெரிந்தால் அதை வைத்துக்கொண்டு ஜனங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

நம்மவர்கள் கணக்கில் அலட்சியமானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மளிகைக் கடையில் கால் கிலோ துவரம் பருப்பு வாங்கினாலும் தராசைப் பார்க்காமல் வாங்குகிறவர் கிடையாது. கல்யாணத்து மொய் நோட்டை முப்பது வருஷம் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறோம். ஆனால் வீட்டு வரி, தண்ணீர் வரி என்று வருஷா வருஷம் கட்டுகிற பணம் எங்கே போயிற்று என்று கேட்பதற்கு மாத்திரம் வாய் வருவதில்லை. ஏன் வருவதில்லை? செத்த பிறகு சித்திரகுப்தன் கணக்குப் பார்த்துக்கொள்ளுவான் என்று நம்பியிருக்கிறவனுக்கு, உயிரோடிருக்கும்போதே கணக்குப் பார்க்க வேண்டும் என்கிற புத்தி எப்படி வரும்? அந்தச் சித்திரகுப்தன் பேரேட்டை யாராவது கண்டதுண்டா? காணாத பேரேட்டுக்குப் பயப்படுகிறோம். காணக்கூடிய பேரேட்டைத் திறந்து பார்க்கக் கூச்சப்படுகிறோம்.

சிதம்பரத்துத் தோழர்களுக்கு ரகசியம் என்றால் என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை. திரையை விலக்கினால் உள்ளே தங்க வில்வ மாலை தொங்குகிறது. மற்றபடி வெறும் வெளி. அந்த வெளியைக் காட்டுவதற்கே அவ்வளவு மந்திரம், அவ்வளவு தட்சணை. 2022 ஜூன் மாதத்தில் அறநிலையத் துறை அதிகாரிகள் அந்தக் கோயிலுக்குக் கணக்குப் பார்க்க வந்தபோது, உங்களுக்கு அதிகாரமில்லை என்று தீட்சிதர்கள் காட்ட மறுத்துவிட்டார்கள். 2014 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு அவர்களுக்குத் துணையாக நிற்கிறது. அது கோர்ட்டில் பேச வேண்டிய சங்கதி, இங்கே விட்டுவிடுவோம். கணக்கைத் திரைக்குப் பின்னால் வைக்கிற குணம் கோயிலோடு நிற்கவில்லை, ஆபீசுகளுக்கும் வந்துவிட்டது என்பதுதான் நம்முடைய கவலை.

சட்டத்தில் குறையிருக்கிறதா என்றால், பெரிய குறையில்லை. 1766-லேயே சுவீடன் தேசத்தில் சர்க்கார் கடுதாசிகளைக் குடிகள் பார்க்கலாம் என்று சட்டம் செய்தார்கள். அப்போது கடலூர் கம்பெனிக்காரன் கையில் இருந்தது. நம் நாட்டு மாகாணங்களில் முதல் முதல் தகவல் சட்டம் செய்தது தமிழ்நாடுதான், அது 1997-ல். பிறகு 2005-ல் இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தது. அதன் 4-ஆவது பிரிவு என்ன சொல்லுகிறதென்றால், யாரும் கேட்பதற்கு முன்பே, ஒவ்வொரு ஆபீசும் தன் வரவு செலவையும், திட்டங்களையும், உதவி பெறுவோர் விவரத்தையும் தானாகவே வெளியிட வேண்டும். அதுவும் உள்ளூர் பாஷையை மனதில் வைத்து வெளியிட வேண்டும் என்கிறது. கேட்டு வாங்க வேண்டுமானால் பத்து ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் அந்த உத்தியோகஸ்தருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம்.

இந்தச் சட்டம் மேலேயிருந்து இறங்கி வந்த வரமல்ல. 1994 டிசம்பர் முதல் ராஜஸ்தானத்துக் கிராமங்களில் கூலி ஜனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்து, சர்க்கார் கூலிப் பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கட்டாத கட்டடத்துக்குப் பணம் போயிருந்தது. வேலைக்கே வராதவன் பேரில் கூலி எழுதியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள்தான் அதைக் கண்டுபிடித்தவர்கள். "பாமரனுக்குக் கணக்கு காட்டினால் புரியுமா?" என்று கேட்கிற படித்தவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1866-ல் முனிசிபாலிடியான கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆயிற்று. 45 வார்டுகள். சிதம்பரம் நகராட்சிக்கு 33 வார்டுகள். பலகை மாறினது சந்தோஷந்தான். ஆனால் அதைவிட முக்கியமான காரியம் ஒன்று 2022-ல் நடந்தது. வார்டு கமிட்டியும் பகுதி சபையும் அமைக்க விதிகள் செய்து, அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி பகுதி சபைகள் கூட்டப்பட்டன. முதலமைச்சரே பம்மலில் ஒரு பகுதி சபையில் போய் உட்கார்ந்தார். கிராமத்தானுக்குக் கிராமசபை இருப்பதுபோல் பட்டணத்தானுக்கும் ஒரு சபை கிடைத்தது. ஆனால் அந்தச் சபைக்குப் போனவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கும்பாபிஷேகத்துக்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போகிறவர்கள், தன் தெருச் சாக்கடையைப் பற்றிப் பேச மாலை நாலு மணிக்குப் போகக்கூடாதா? பிரேசில் தேசத்தில் போர்ட்டோ அலெக்ரி என்ற பட்டணத்தில் 1989 முதல், நகரசபைப் பணத்தில் ஒரு பகுதியை எந்த வேலைக்குச் செலவிடுவது என்பதைக் குடிகளே கூடி முடிவு செய்தார்கள். ஏழைகள் வசிக்கும் இடங்களுக்குக் குழாயும் சாக்கடையும் அதன் பிறகு வேகமாக வந்தன.

கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம் என்று ஒரு சமாதானம் சொல்லுவார்கள். ஏற்றட்டும், நல்லதுதான். ஆனால் "சாலைப் பணி, இத்தனை லட்சம்" என்று மொத்தமாக ஒரு வரி எழுதினால் அது கணக்கா? எந்தத் தெரு, எத்தனை அடி, யார் காண்டிராக்ட்டு என்று தெரிய வேண்டாமா? தெருவாரியாகக் கேட்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எந்தத் தெருவுக்கு எத்தனை குழாய், எத்தனை விளக்கு, குப்பை வண்டி வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் உள்ள வித்தியாசம் மனு சாஸ்திரத்தில் மாத்திரமா, நகரசபை ரிஜிஸ்டரிலும் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துபோகும். அதேபோல் பாதாளச் சாக்கடைக்குள் பாதுகாப்புச் சாதனங்களின்றி மனிதனை இறக்கக்கூடாதென்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அடைப்பு எடுக்க எந்த யந்திரம் வாங்கினார்கள், அது எத்தனை நாள் ஓடியது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் ஒருவனுடைய உயிர் இருக்கிறது.

ஆபீஸ் கணக்குத் தராவிட்டால் கணக்கை நாமே எடுக்கலாம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரஸ்தாவிலேயே இருக்கிறது. சிப்காட் தொழிற்சாலைகளின் நாற்றத்தில் மூச்சுத் திணறின குடிகாடு, ஈச்சங்காடு முதலிய கிராமத்து ஜனங்கள் 2004-ல் ஒரு காரியம் செய்தார்கள். ஒரு வாளிக்குள் பிளாஸ்டிக் பையை வைத்து, நாற்றம் அடிக்கிற வேளையில் காற்றைப் பிடித்து, அமெரிக்காவிலுள்ள பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். காற்றில் நச்சு வாயுக்கள் இருப்பது எண்களாக எழுத்தில் வந்தது. அதுவரை "உங்கள் மூக்கு பொய் சொல்லுகிறது" என்ற தோரணையில் பேசினவர்கள் அப்புறம் அப்படிப் பேச முடியவில்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியிருந்தால் அந்த எண் வந்திருக்குமா?

தகவல் என்பது பணக் கணக்கு மாத்திரமல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது. எத்தனை கன அடி வருகிறது, எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு ஏறும் என்ற எண்ணிக்கை இன்ஜினீயர் நோட்டில் இருந்தால் போதாது. ஆற்றங்கரைக் குடிசைக்காரி காதுக்கு, மூட்டை கட்ட நேரமிருக்கும்போதே அது வந்து சேர வேண்டும்.

நியாயமான ஆட்சேபணை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் ஏழையின் வியாதியும் கடனும் சந்தி சிரிக்காதா என்கிறார்கள். சிரிக்கக்கூடாது. தனி மனிதன் வீட்டுச் சங்கதி வேறு, பொதுப் பணம் வேறு. ஆனால் 2023-ல் செய்த தனிநபர் தரவுச் சட்டம் இந்த வித்தியாசத்தை மங்கச் செய்து, தகவல் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் கை வைத்திருக்கிறது. காண்டிராக்டர் பெயரைக் கேட்டாலும் அது அவருடைய அந்தரங்கம் என்று சொல்ல இடம் கொடுத்தால், ஏழை பெயரால் பணக்காரன் தப்பித்துக்கொள்ளுவான்.

ஆகவே அடுத்த பகுதி சபைக்கு ஒவ்வொரு தெருவிலிருந்தும் பத்துப் பேராவது போங்கள். பெண்கள் கட்டாயம் போங்கள், ஏனெனில் குழாயடியில் நிற்கிறவர்கள் அவர்கள்தான். பேசினது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். தகவல் மனு எழுதத் தெரியாதவர்களுக்குக் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வலது பக்க மேஜையில் நம் தோழர்கள் எழுதிக் கொடுப்பார்கள். பத்து ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு மாத்திரம் நீங்கள் கொண்டுவர வேண்டும்.