காதறிந்த கணக்கு
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்வியும் கைத்தொழிலும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். பொதுப்படப் பேசினால் உங்களுக்கு உறக்கம் வரும் என்பதை வகுப்பறையில் நான் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறேன். ஆகவே ஒரு பழைய காரைப் பற்றிப் பேசுகிறேன்.

என் நண்பர் ஒருவரிடம் கார்புரேட்டர் பொருத்திய மாருதி 800 உள்ளது. 1983இல் வெளிவரத் தொடங்கி 2014இல் உற்பத்தி நின்றுபோன வகை. லஸ் முனையில் சிக்னலுக்கு நின்றிருக்கும்போது ஏ.சி.யைப் போட்டால் எஞ்சின் குலுங்கி அணைந்துவிடும். வண்டி நிற்கையில் எஞ்சின் தானே மெல்ல ஓடிக்கொண்டிருப்பதைத்தான் ஐட்லிங் என்கிறோம். ஏ.சி.யின் பாரம் ஏறும்போது அதைச் சற்றே உயர்த்திக் கொடுக்கும் பகுதி அவ்வண்டியில் என்றோ பழுதாகிக் கழற்றப்பட்டிருந்தது.

மயிலாப்பூரில் சிறு பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் வண்டியை அனுப்பினேன். அவர் ஐ.டி.ஐ. தேறியவர். முன்னொரு காலத்தில் ஒரு பெரிய பட்டறைக்கு வேலை கேட்டுச் சென்றார். சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் எந்தத் தெரு என்று கேட்டார்களாம். பிறகு, "கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் வண்டியெல்லாம் உனக்கு வராது, கழுவும் பகுதியில் சேர்ந்துகொள்" என்றார்களாம். அவர் சேரவில்லை. இனி நான் சொல்லப்போவதைக் கேட்கும்போது அந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள்.

அவருடைய தம்பி தரமணியில் டிப்ளமோ படிக்கிறார். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஓர் ஆர்டுயினோ பலகை வாங்கி வந்தார். மின்னணுவியல் படிக்காதவர்களும் கையாளத்தக்கதாக 2005இல் இத்தாலியில் தோன்றிய சிறு கணிப்பொறிப் பலகை அது. எஞ்சினின் ஓட்டத்தை அதற்கு எவ்வாறு அறிவிப்பது? மூன்று சிலிண்டர் எஞ்சினில் இரு சுற்றுக்கு மூன்று முறை தீப்பொறி தோன்றும். நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் நொடிக்கு 22½ பொறி. ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 44 மில்லி நொடி. அந்த இடைவெளியை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் பற்றவைப்புச் சுருளின் முனையில் நொடிக்கு நொடி சில நூறு வோல்ட் துள்ளும். பலகை தாங்குவதோ 5 வோல்ட். இடையே ஒளிவழி இணைப்பான் வைக்காமல் கம்பியை நேரே செருகி, முதல் பலகையைத் தம்பி கருக்கிவிட்டார்.

அடுத்து, புதுப்பேட்டையில் வாங்கிய பழைய காற்று வால்வு ஒன்றைப் பொருத்தினார். பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்கள் பலவற்றில் அத்தகைய வால்வுதான் ஐட்லிங்கைக் காக்கிறது. இங்கோ எஞ்சின் இன்னும் மோசமாக இருமியது. அண்ணன் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "காற்றை மட்டும் கூட்டுகிறாயே, பெட்ரோலை யார் கூட்டுவது?" என்றார். கார்புரேட்டர் வழியாகச் செல்லாத காற்று தன்னுடன் பெட்ரோலை இழுத்து வராது. நூலில் படித்த வழி வேறு எஞ்சினுக்குரியது. வால்வைக் கழற்றிவிட்டு, திருகுத் தண்டுடைய சிறு ஸ்டெப்பர் மோட்டாரை ஐட்லிங் திருகின் இடத்தில் நிறுத்தினார்கள்.

அப்போதும் ஓட்டம் 700க்கு இறங்குவதும் 1,300க்கு ஏறுவதுமாக ஊசலாடியது. அந்தச் சில்லு நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிப்பது; இரு பொறிகளுக்கிடையே ஏழு லட்சம் துடிப்பு. வேகத்துக்குக் குறைவில்லை. அண்ணன் சொன்னார்: "திருப்புளியைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு நான் கொஞ்சம் பொறுப்பேன். எஞ்சின் பதில் சொன்ன பிறகுதான் மறுபடி தொடுவேன். உன் பெட்டி பொறுக்கவில்லை." தம்பி நிரலை மாற்றினார். சிறிது நகர்த்து, அரை நொடி காத்திரு, குறித்த வேகத்துக்கு 50 சுற்று இப்பாலோ அப்பாலோ இருந்தால் தொடாதே. ஊசலாட்டம் நின்றது.

இளைஞர்களே, ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினுக்குச் சுழல்குண்டு வேகக்காப்பு அமைத்தார். அத்தகைய கருவிகள் சில வேளை ஏன் ஊசலாடுகின்றன என்பதை மாக்ஸ்வெல் 1868இல் கணக்கிட்டு எழுதினார். இன்று கல்லூரியில் அது தனிப் பாடம். அந்தப் பாடத்தின் சாரம் கம்ப்யூட்டர் வராது என்று சொல்லப்பட்டவரின் காதில் இருந்தது. அதை எழுத்தாக்கத் தம்பியின் படிப்பு வேண்டியிருந்தது. தம்பி தனியே செய்திருந்தால் வால்வோடு நின்றிருப்பார். அண்ணன் தனியே செய்திருந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் தாமே திருப்புளியோடு நிற்கவேண்டும்.

செய்ய விரும்புவோர்க்குச் சில சொற்கள். திராட்டிலை மீட்கும் ஸ்பிரிங்கை எக்காரணம்கொண்டும் கழற்றாதீர்கள். பெட்டி பழுதானாலும் ஓட்டம் அளவுக்கு மேல் ஏறாதவாறு இரும்புத் தடை ஒன்று இருக்கட்டும். சோதிக்கும்போது கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டிருக்கட்டும். புகைச் சோதனையையும் மறவாதீர்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆதலால் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறியாமல் சாலைக்குக் கொண்டுவரலாகாது. நண்பரின் வண்டியிலும் இப்போது அண்ணன் பழைய பகுதியையே தேடிப் பொருத்திக் கொடுத்துவிட்டார். பெட்டி, பட்டறையின் மூலையில் நிறுத்தியிருக்கும் ஒரு தனி எஞ்சினில் ஓடுகிறது.

ஞாயிறு மாலைகளில் அண்ணனும் தம்பியும் அங்கே இருப்பார்கள். இரண்டாவது பலகைக்கான செலவு என்னுடையது. மூன்றாவதைக் கருக்குவது யார் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.